துயரத்தின் பின்னிருக்கும் தேர்ச்சி

ஒரு கலைஞர் இளமையில் இறந்துவிட்டால், அவருடைய படைப்புகள் யாவும் மரண வாக்குமூலமாகவே வாசிக்கப்படுகின்றன. ஆங்கிலேயப் பாடகரும் பாடலாசிரியருமான நிக் டிரேக்குக்கு நேர்ந்ததும் அதுதான். 1948இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் பகுதிக் கிராமமொன்றில் வளர்ந்தவர் அவர். 1969 முதல் 1972 வரை மூன்று இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். அப்போது விற்றவை சில ஆயிரம் பிரதிகளே. மனச்சோர்வு நோயால் துன்புற்று, 1974 நவம்பரில் 26 வயதில் மறைந்தார். இன்று ‘இண்டி ஃபோக்’ என்று அழைக்கப்படும் மென்குரல் இசையின் முன்னோடிகளில் ஒருவராகப் போற்றப்படுகிறார். ஆனால், அவரது சோகத்தைப் பேசும் அளவுக்கு அவரது தேர்ச்சியை எவரும் பேசுவதில்லை.

அந்தத் தேர்ச்சி கிதாரில் தொடங்குகிறது. வழக்கமான சுருதி அமைப்பைக் கைவிட்டு, பாடலுக்கேற்பத் தந்திகளை வெவ்வேறு சுருதிகளில் அவர் அமைத்துக்கொண்டார். அதனால், விரல் அழுத்தாத தந்திகளும் தொடர்ந்து ரீங்கரிக்கின்றன. ஒரே கருவி இரண்டைப் போல ஒலிக்கிறது. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களைக் காலப்பிரமாணம் பிசகாமல் மீட்ட, மற்ற விரல்கள் அதன்மேல் மெட்டைப் பின்னுகின்றன. குரலோ தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறது. பிசகாத விரல்களுக்கும் தயங்கும் குரலுக்கும் உள்ள அந்த இடைவெளியே கேட்பவருக்குத் துயரமாகப் படுகிறது. ‘ரிவர் மேன்’ பாடல் ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. கர்நாடக இசையில் கண்டம் என்போமே, அதுபோல. நான்கு எண்ணிக்கைக்குப் பழகிய மேற்கத்தியச் செவி, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணிக்கை கூடுதலாகக் காத்திருக்க நேர்கிறது.

முதலிரு தொகுப்புகளில் வயலின் முதலான வாத்தியங்களும் பிற கலைஞர்களும் துணைநின்றனர். மூன்றாவதான ‘பிங்க் மூன்’, 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் உட் மட்டும் உடனிருக்கப் பதிவுசெய்யப்பட்டது. 11 பாடல்கள், ஏறத்தாழ 28 நிமிடங்கள். தலைப்புப் பாடலில் வரும் சிறு பியானோ இழையைத் தவிர, குரலும் கிதாரும் மட்டுமே. உடைந்துபோன மனிதரின் முனகல் என்று இதைச் சொல்வோர் உண்டு. ஆனால், இரண்டு இரவுகளில் இத்தனை துல்லியமாக வாசித்து முடிக்க, அதற்கு முன் எத்தனை ஆயிரம் மணி நேரப் பயிற்சி இருந்திருக்க வேண்டும்!

1999இல் ஒரு கார் விளம்பரத்தில் அத்தலைப்புப் பாடல் ஒலித்த பிறகே பெருந்திரளான ரசிகர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர்களில் பலரும் முதலில் கேட்டது அவருடைய மரணத்தின் கதையைத்தான். நோய்தான் கலையைத் தருகிறது என்ற நம்பிக்கை அழகானதாகத் தோன்றலாம். டிரேக்கின் வாழ்க்கை அதற்குச் சான்றளிக்கவில்லை. நோய் முற்றிய கடைசி இரண்டரை ஆண்டுகளில் அவரால் பதிவுசெய்ய முடிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பாடல்களே.