விண்வெளி வீரருக்கு 600 மில்லிசீவர்ட்: வரம்பு வந்த கதை

விண்வெளி வீரர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஏற்கலாம் என்று நாசா வைத்திருக்கும் கதிர்வீச்சு அளவு 600 மில்லிசீவர்ட். 2022இல் வந்த இந்த வரம்பு ஆண், பெண், இளையவர், மூத்தவர் எல்லோருக்கும் ஒன்றே. இதைப் ‘பாதுகாப்பு வரம்பு’ என்கிறார்கள். இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எவ்வளவு ஆபத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் எடுத்த முடிவுதான் அது.

அந்த முடிவு பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. கதிர்வீச்சால் புற்றுநோய் வந்து இறக்கும் கூடுதல் வாய்ப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. நூறு பேரில் மூவர் என்ற இந்தக் கணக்கில் நிச்சயமின்மை அதிகம். பூமியில் திரட்டிய தரவுகளைக் கொண்டு விண்வெளிக் கதிர்களின் விளைவை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதனால் மதிப்பீடு தவறினாலும் வீரர் தப்ப வேண்டும் என்று, 95 சதவீத நம்பகத்தன்மையின் மேல் விளிம்பு அளவுகோலாக இருந்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் ஆபத்து கூடுதல் என்று மதிப்பிடப்பட்டதால் அவர்களுக்கான அளவு குறைந்தது. விண்வெளியில் கழிக்கக்கூடிய நாட்களும் குறைந்தன.

புதிய விதி அதே 3 சதவீதத்தை வைத்துக்கொண்டது. கணக்கு மட்டும் மேல் விளிம்பிலிருந்து சராசரிக்கு இறங்கியது. 35 வயதுப் பெண்ணுக்குச் சராசரியாக 3 சதவீத ஆபத்து தரும் அளவே 600. பாகுபாடு நீங்கியது நல்லதுதான். ஆனால், மேல் விளிம்பு தந்த கூடுதல் காப்பும் அதோடு போய்விட்டது. இளம் வீராங்கனைகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு உயர்ந்திருக்கிறது. அவர்களின் உடல் தாங்கும் திறன் உயரவில்லை.

சூரியப் புயல் எவ்வளவு ஆபத்து?
சூரியன் சீறும்போது பாயும் புரோட்டான்கள் சில நேரம் அரை மணிக்குள் வந்து சேரும். 1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16, 17 ஆகிய நிலவுப் பயணங்களுக்கு இடையே, அப்படியொரு புயல் வீசியது. நல்லவேளையாக அப்போது நிலவில் எவரும் இல்லை.

தடுக்க முடியுமா?
பெருமளவு முடியும். நாசாவின் ஓரையான் விண்கலத்தில் பொருள் மூட்டைகளைச் சுற்றி அடுக்கி நடுவே பதுங்குவதுதான் திட்டம். ஹைட்ரஜன் மிகுந்த நீரும் பாலிஎத்திலினும் நல்ல கவசங்கள்.

அண்டக் கதிர்கள்?
கவசத்துக்கு எளிதில் அடங்காதவை; அலுமினியச் சுவரில் மோதிச் சிதறி, புதிய துகள்களையும் உண்டாக்குபவை.

சூரியன் உச்சத்தில் இருக்கும்போது போகலாமா?
அப்போது சூரியக் காந்தப்புலம் அண்டக் கதிர்களைக் குறைக்கும், புயல்களோ கூடும்.

மற்ற நாடுகளின் வரம்பு?
ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் 1,000 மில்லிசீவர்ட்.

செவ்வாய்க்குப் போய்வர 600 போதுமா?
போதாது. 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்ததன்படி, போகவும் வரவும் மட்டுமே சுமார் 660 ஆகும். கியூரியாசிட்டியின் அந்தப் பயணத்தில் சூரியத் துகள்களின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான்.