வெட்டுப்புள்ளியும் பெற்றோரின் பெருமையும்

ஐந்தாம் தர புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை, தெல்தோட்டை போன்ற ஊர்களிலும் பதாகைகள் தோன்றிவிடுகின்றன. பத்து வயதுப் பிள்ளையின் புகைப்படமும் அது பெற்ற புள்ளியும் அவற்றில் இடம்பெறும். அதனைத் தொடர்ந்து பாராட்டு விழா, சான்றிதழ், நினைவுச் சின்னம். பிள்ளையுடன் மேடையேறும் தாயின் முகத்தில் தெரியும் பூரிப்பைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. கடை ஊழியராகவோ தோட்டத் தொழிலாளியாகவோ உழைத்துக் களைத்த ஒரு தந்தைக்கு, ஊரறியத் தமது குடும்பத்துக்குக் கிடைக்கும் முதலாவது கௌரவமாகவும் அது இருக்கக்கூடும்.

ஆயினும் அந்தப் புள்ளி எதனைச் சொல்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இப்பரீட்சையின் வேர் 1940களில் உள்ளது. முதலாவது கல்வி அமைச்சரான சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியுடன் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளையும் தோற்றுவித்தார். திறமையிருந்தும் வசதியற்ற பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியுடன் அங்கே கற்பிப்பதே புலமைப்பரிசிலின் நோக்கமாக இருந்தது. அதாவது, கெட்டிக்காரருக்குப் பட்டம் சூட்டுவதற்காக அன்றி, ஏழைப் பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்துவிடுவதற்காகவே இது ஏற்படுத்தப்பட்டது.

இன்று இரண்டு வினாத்தாள்களுக்கும் மொத்தமாக 200 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்பத் தனித்தனியே தீர்மானிக்கப்படுகின்றது. கண்டி மாவட்டத்துக்கும் அயலிலுள்ள நுவரெலியா மாவட்டத்துக்கும் அது ஒன்றாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. எனவே மலையின் இப்பக்கம் வசிக்கும் பிள்ளை "சித்தியடையாத" அதே புள்ளியுடன் அப்பக்கம் வசிக்கும் பிள்ளை சித்தியடையலாம். இருவரது அறிவும் ஒன்றே. வேறுபடுவது வகுக்கப்பட்ட எல்லை மாத்திரமே.

பலர் அறியாத இன்னொரு விடயமும் உண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய அனைவருக்கும் உதவிப்பணம் கிடைப்பதில்லை. குடும்ப வருமானம் குறித்த வரம்புக்குள் இருக்கவேண்டும். பிரபல பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு அனுமதி பெறுவதற்கோ, அந்தந்தப் பாடசாலைக்கெனப் பிறிதொரு வெட்டுப்புள்ளி வெளியிடப்படும். அது பெரும்பாலும் முன்னையதிலும் உயர்வானது. ஆகவே மாலை சூட்டப்பட்ட பிள்ளைக்கு உதவிப்பணமும் இல்லை, விரும்பிய பாடசாலையும் இல்லை என்ற நிலை ஏற்படுவதுண்டு. விழா முடிந்த பின்னரே பெற்றோர் இதனை உணர்கின்றனர்.

கண்டியில் இந்தப் போட்டி கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நகரின் பெரிய பாடசாலைகளில் கணிசமானவை சிங்கள மொழிமூலமானவை. தமிழ்மொழி மூல வகுப்புகளைக் கொண்டவை சிலவே. முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடிய அறிஞர் சித்தி லெப்பை பிறந்த நகரம் இது. கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்து பின்னர் கல்வி அமைச்சரான பதியுத்தீன் மஹ்மூதின் பெயரில் மகளிர் கல்லூரியும் இங்குண்டு. இத்தகைய முயற்சிகள் நடந்த ஊரிலும் தமிழ், முஸ்லிம் பெற்றோர் சில வகுப்பறைகளையே நம்பியிருக்க நேர்ந்துள்ளது. அந்த அச்சமே பிள்ளையை மூன்றாம் தரத்திலிருந்தே பிரத்தியேக வகுப்புக்கு விரட்டுகின்றது. பிள்ளையின் குறையை விட ஆசனங்களின் குறையே இங்கு பெரிது.

ஒரு புள்ளியின் கனம் என்னவென்பதை 2024ஆம் ஆண்டு நாடே கண்டது. அவ்வருடம் செப்டெம்பர் 15ஆம் திகதி, மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பரீட்சைக்குத் தோற்றினர். முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தமை பின்னர் தெரியவந்தது. பெற்றோர் உயர்நீதிமன்றத்தை நாடினர். அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பரீட்சார்த்திகளுக்கும் முழுப் புள்ளி வழங்குமாறு டிசம்பர் 31இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பெறுபேறுகள் 2025 ஜனவரியிலேயே வெளிவந்தன. பெரியவர்கள் செய்த பிழைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். வெறும் மூன்று வினாக்களுக்காக நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை செல்லவேண்டியிருந்ததெனில், அவ்வெண்களின் மீது நாம் ஏற்றி வைத்திருக்கும் சுமை எத்தகையது?

பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னர் மேலதிக வகுப்புகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் பரீட்சைத் திணைக்களம் தடை விதிப்பது வழக்கம். அதன் பின்னர் வீட்டிலும் உறவினர் மத்தியிலும் நிகழ்வதைத் தடைசெய்ய எத்திணைக்களத்தாலும் இயலாது. "எத்தனை புள்ளி?" என்ற கேள்வி கலியாண வீடு வரை பிள்ளையைத் துரத்துகின்றது. பதாகையில் பத்துப் பேரின் படம் இருக்கும்போது, அதே வகுப்பில் இரண்டு புள்ளிகளால் தவறிய பிள்ளை தினமும் அதன் கீழாகவே பாடசாலைக்குள் நுழைகின்றது. அப்பிள்ளையின் பெற்றோருக்கும் பெருமைப்பட உரிமையுண்டு. இரு வருட உழைப்பு அப்பிள்ளையினதும்தான்.

பரீட்சைக்குத் தோற்றிய அனைவரையும் ஒரே மேடையில் அழைத்துப் பாராட்டுவதற்கு அதிபர்களுக்குச் சுற்றுநிருபம் எதுவும் தேவையில்லை. பதாகைக்குச் செலவாகும் பணத்தில் வகுப்பு முழுவதற்கும் கதைப் புத்தகங்கள் வாங்கலாம். பெற்றோரோ, விழா ஏற்பாடுகளுக்கு முன்னதாக, ஆறாம் தர அனுமதிக்கான விண்ணப்பத்தில் பாடசாலைகளை எந்த ஒழுங்கில் குறிப்பிடுவது, இடம் கிடைக்காவிடின் மேன்முறையீட்டுக்கு எத்திகதி வரை அவகாசம் உண்டு என்பவற்றை வகுப்பாசிரியரிடம் கேட்டறிந்து கொள்வது நல்லது. அத்திகதி பெரும்பாலும் விழாக்களின் ஆரவாரத்திலேயே கடந்துவிடுகின்றது.