கண்ணில் கோளாறா? கணினியில் கோளாறா?



கண்ணாடி போட்ட பிறகு உலகம் தெளிவாகத் தெரிகிறது என்பார்கள். எனக்கோ, ‘கண்ணாடியே வேண்டாம்’ என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் தெளிவானது. அந்தக் கதையைச் சொன்னால் உங்களில் நாலு பேருக்காவது உதவும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன வருஷம் அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து எனக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். 15.6 அங்குலத் திரை. “ஃபோர்-கே டிஸ்ப்ளே தம்பி, இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது” என்றார் கடைக்காரர். படம் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நம் லேபில் உள்ள அதே பழைய கேட் மென்பொருளை ஏற்றியதும் வந்தது வினை! டூல்பாரில் இருந்த படங்களெல்லாம் ரவையைச் சிந்தினது போல இருந்தன. மூக்கைத் திரையில் ஒட்டவைத்து வேலை செய்தேன்.

புராஜெக்டுக்காக ஒரு பேரிங் பிளேட் வரைய வேண்டும். வட்டம் போட இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: ஒன்று ஆரம் கேட்கும், மற்றது விட்டம் கேட்கும். விட்டம் என்று நினைத்து ஆரத்தை அழுத்தி 20 என்று அடித்துவிட்டேன். நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய தகடு. ஒர்க்‌ஷாப்பில் துளை போட்டு எடுத்தால், 20 மில்லிமீட்டருக்குப் பதில் 40 மில்லிமீட்டர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது!

“கண்ணு தெரியலைன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானடா!” என்று நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்பா கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். “பார்வை நல்லா இருக்கு, பவரே இல்லை” என்று டாக்டர் சொன்னதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. “அப்போ லேப்டாப்தான் கோளாறா? ஏமாந்துட்டோமாப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டதுதான் இனி வருவது.

புள்ளிக் கோலம்

கம்ப்யூட்டர் திரை என்பது ஒரு புள்ளிக் கோலம்தான். வாசலில் 15 புள்ளிக் கோலம் போட அம்மா விரற்கடை இடைவெளி விட்டுப் புள்ளி வைப்பார்கள். அதே 15 புள்ளியை இடைவெளி பாதியாக்கி வைத்தால்? புள்ளி எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் கோலம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருங்கிவிடும்.

நம் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஃபோர்-கே திரையில் குறுக்கே 3840 புள்ளி, மேலிருந்து கீழ் 2160 புள்ளி. பித்தாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டத்தில் ஏறக்குறைய 4406 புள்ளி. 15.6 ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு 282 புள்ளி. அதே அளவுள்ள, 1366க்கு 768 கொண்ட சாதாரணத் திரையில் அங்குலத்துக்கு 100 புள்ளிதான்.

மென்பொருள் எழுதியவர் ஒரு பொத்தானை 16 புள்ளி அகலம் என்று நிர்ணயித்திருந்தால், சாதாரணத் திரையில் அது 4 மில்லிமீட்டர். என் திரையில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை! தப்பு என் கண்ணிலும் இல்லை, திரையிலும் இல்லை. நீளத்தை மில்லிமீட்டரில் சொல்லாமல் புள்ளியில் சொன்னதுதான் தப்பு.

மூன்று விதக் கோளாறு

விண்டோஸில் 100 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு. புள்ளி நெருக்கமான திரையில் இந்தச் சதவீதத்தை 150, 200 என்று ஏற்றிக்கொள்ளலாம். என் திரைக்கு அதுவே 250 சிபாரிசு செய்திருந்தது. அப்படியும் ஏன் ரவை? ஏனென்றால், சதவீதத்தை ஏற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு மென்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

முதல் வகை, ஒன்றும் தெரியாத மென்பொருள். 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் இதற்கு ஒரு தந்திரம் உண்டு. “திரையில் 96 புள்ளிதான்” என்று மென்பொருளிடம் பொய் சொல்லி, அது வரைந்து கொடுத்ததை வாங்கி இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? அதுபோல அளவு சரி, ஆனால் மங்கல்.

இரண்டாம் வகை, “எனக்கு எல்லாம் தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாத மென்பொருள். இதில் எல்லாம் கூர்மையாக இருக்கும், ஆனால் எறும்பு அளவில். என் கேட் மென்பொருள் இந்த ஜாதி.

மூன்றாம் வகை, அரைகுறை. எழுத்து மட்டும் பெரிதாகும், அதைச் சுற்றிய பெட்டி பெரிதாகாது. எழுத்தின் தலையோ வாலோ வெட்டுப்படும்.

இன்னொரு கூத்தும் உண்டு. சதவீதத்தை 300 ஆக்கினால், இழுத்துப் பெரிதாக்கப்படும் பழைய மென்பொருளுக்குத் திரை உயரம் 2160ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 720 புள்ளி என்றுதான் தெரியும். 768 உயரத்தை நம்பிச் செய்த பெட்டியின் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அப்போது ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் எழுத்தை அழுத்தி, அம்புக்குறிகளால் பெட்டியை மேலே நகர்த்தலாம்.

அரைப் புள்ளி கிடையாது

200 சதவீதம் என்றால் ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி, சுலபம். 2012இல் ஆப்பிள் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் இப்படி இரட்டிப்பு முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் 150 சதவீதம் என்றால் ஒரு புள்ளிக் கோடு ஒன்றரைப் புள்ளி ஆக வேண்டும். கோலத்தில் ஏது அரைப் புள்ளி? ஒன்று கோடு ஓரத்தில் சாம்பல் பூத்துவிடும், அல்லது ஒரு கோடு மெலிந்தும் அடுத்தது தடித்தும் நிற்கும்.

செமினார் ஹாலில் புரொஜெக்டரை மாட்டும்போதும் தொல்லைதான். லேப்டாப் 250 சதவீதம், புரொஜெக்டர் 100 சதவீதம். ஒரே நேரத்தில் இரண்டு திரைக்கு இரண்டு அளவு என்பதை விண்டோஸ் 8.1தான், 2013இல், முதலில் மென்பொருள்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு முந்தைய மென்பொருள்கள் லாகின் செய்தபோது இருந்த அளவையே பிடித்துத் தொங்கும். ஆகவே புரொஜெக்டரை மாட்டியபின் ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பாதித் தொல்லை போகும்.

வைத்தியம்

ஒன்று: மென்பொருளின் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பாட்டிபிலிட்டி’, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்று போங்கள. அடியில் உள்ள ஓவர்ரைட் பெட்டியை டிக் செய்து ‘சிஸ்டம்’ என்று வையுங்கள். “நீ சும்மா இரு, அளவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று விண்டோஸ் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எறும்பு போய்விடும், கொஞ்சம் மங்கல் வரும். 2017 முதல் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்ற வழியும் இருக்கிறது. பல பழைய மென்பொருள்களில் அது எழுத்தைக் கூர்மையாகவே காட்டும்.

இரண்டு: எதுவும் சரிப்படாவிட்டால் திரையையே 1920க்கு 1080 என்று குறையுங்கள். 3840க்கு அது சரிபாதி. நாலு புள்ளி சேர்ந்து ஒரு புள்ளியாக நிற்கும். 1366க்குக் குறைக்காதீர்கள், சரியாக வகுபடாது, மங்கிப் போகும்.

மூன்று, கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு: நாளை நீங்கள் மென்பொருள் எழுதும்போது அளவைப் புள்ளியில் கட்டிப் போடாதீர்கள். படங்களை எஸ்விஜி போல எவ்வளவு பெரிதாக்கினாலும் கெடாத வடிவில் வையுங்கள். 100 சதவீதத்தில் மட்டுமல்ல, 150லும் 250லும் ஓட்டிப் பாருங்கள்.

இதனால் ஃபோர்-கே திரையே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நம் தமிழ் எழுத்துக்குப் புள்ளி நெருக்கம் ஒரு வரம். சாதாரணத் திரையில் சின்ன எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் குழம்பும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி காணாமல் போகும். என் லேப்டாப்பில் ஒவ்வொரு சுழியும் அச்சடித்தது போலத் தெரிகிறது.

முதல் வைத்தியத்தைச் செய்து அப்பாவிடம் காட்டினேன். டூல்பாரை எட்டிப் பார்த்து, “இப்போ எனக்கே தெரியுதே! அப்போ ஏமாறலை” என்றார். எனக்குச் சீட்டுப் பணம் திரும்பி வந்தது போல இருந்தது. அடுத்த தகட்டை என் பாக்கெட் மணியில் வாங்கினேன். துளை சரியாக 20 மில்லிமீட்டர்!

முதல் வருஷ டிராயிங் வகுப்பில், ஸ்கேல் எழுதாத படத்துக்கு மார்க் கிடையாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்று ஒரு மார்க்குக்கா இவ்வளவு என்று சிரித்தோம். ஒரு தகடு வீணான பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உங்களுக்குத் தகடு வீணாகாமலே புரியட்டும்.



— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்