உங்களுக்குத் தெரியுமா? பழைய லேண்ட் ரோவருக்குப் புது ஆல்டர்னேட்டர்

1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவருக்கு மின்சாரம் தந்தது டைனமோ. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது பேட்டரியைச் சார்ஜ் செய்யத் திணறும். சேற்றிலும் மேட்டிலும் ஊர்ந்து போகவே பிறந்த வண்டிக்கு இது பெரிய குறைதான். 1971-ல் வந்த மூன்றாம் சீரிஸில் டைனமோவுக்குப் பதிலாக, இந்தக் குறை இல்லாத ஆல்டர்னேட்டர் இடம்பிடித்தது. அதற்கு முந்தைய வண்டிகளிலும் பலர் இப்போது அதையே மாட்டுகிறார்கள்.

முதலில் எர்த்தைப் பாருங்கள். தொடக்ககால வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதை மாற்றாமல் நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளேயுள்ள டயோடுகள் நொடியில் கருகிவிடும்.

உண்மையான வேலை புல்லியில்தான். பெல்ட், புல்லியின் பள்ளத்தில் இரு பக்கச் சுவர்களையும் கவ்வ வேண்டும்; அடியைத் தொட்டால் வழுக்கும். ஆகவே பெல்ட்டின் அகலத்துக்கேற்ற புல்லியே வேண்டும். கிராங்க் புல்லிமேல் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் புல்லி விலகியிருந்தால் தெரியும். சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பெல்ட் கீச்சிடும், ஓரம் பிய்யும். வாஷர் கொடுத்து நேராக்குங்கள். பெல்ட்டை இறுக்க நெம்பும்போது புல்லிப் பக்கத்து பிராக்கெட்டில் மட்டும் நெம்புங்கள், பின்பக்கம் வேண்டாம்.

டேஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கைக் கழற்றிவிடாதீர்கள். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் அதன் வழியே வரும் சிறு மின்னோட்டம்தான் உற்பத்தியைத் தொடங்கிவைக்கிறது.