நிலத்தடி எரிவாயுக் குழாயும் சட்டக் காவலும்

கண்ணுக்குப் புலனாகும் பொருளைக் காத்தல் எளிது. மண்ணுள் மறைந்த பொருளைக் காத்தல் அரிது. பாலமொன்று பிளவுற்றால் வழிச்செல்வோர் எவரும் அதனைக் கண்டு கூறுவர். உழவனது ஏர் செல்லும் நிலத்தின்கீழ்க் கிடக்கும் எஃகுக் குழாய் துருவேறி அரிப்புண்டால் அதனைக் காண்பார் யாவர்? இவ்வினாவிற்கு விடை தேடியே நம் நாட்டிற் சில சட்டங்கள் எழுந்தன. தமிழ் பயிலும் மாணாக்கராகிய நமக்கு இப்பொருளோடு என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். நாம் சட்டநூல் வல்லேம் அல்லேம். எனினும், அக்குழாய்கள் நம்மவர் வயல்களினூடே செல்லுதலின், அவற்றைக் காக்கும் சட்டத்தின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் நம் கடனாகும்.

இயற்கை எரிவாயு பெரும்பான்மையும் மீதேன் என்னும் வாயுவால் ஆயது. உரத்தொழிற்சாலைகளும் மின்னிலையங்களும் நகரங்களின் அடுப்புக்களும் அதனை வேண்டி நிற்கின்றன. வாயுவாதலின் அஃது இடத்தை மிக அடைக்கும் இயல்பினது. ஆகவே, வளிமண்டல அழுத்தத்தினும் பன்மடங்கு மிக்க அழுத்தத்தில் அதனை நெருக்கிச் செலுத்தினாலன்றி நெடுந்தொலைவு கொண்டு செல்லுதல் இயலாது. அங்ஙனம் நெருக்குண்ட வாயு சிறியதொரு பிளவு கிடைப்பினும் பெருவிசையோடு வெளிப்படும். தீப்பொறி ஒன்று சேரின் ஊரையே எரிக்கும். பயனும் இடரும் ஒரே குழாயில் உடன் செல்லுகின்றன என்க.

குழாய் இடுதற்கு முதற்கண் வேண்டுவது நிலம். இதற்கென 1962-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அரசாங்கம் நிலத்தை விலைக்குக் கொள்வதில்லை. நிலத்தின்கீழ்க் குழாய் இடுதற்குரிய பயன்பாட்டு உரிமையை மட்டுமே கொள்ளுகின்றது. அக்கருத்து முதலில் அரசிதழில் அறிவிக்கப்படும். நிலத்தில் உரிமையுடையார் 21 நாட்களுக்குள் தம் மறுப்பைத் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் கூறலாம். குடியிருக்கும் இடத்தின்கீழும், நிலையான கட்டடம் உள்ள இடத்தின்கீழும் குழாய் இடலாகாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் இடலாகாது. குழாய் சென்றபின் உழவன் முன்போலப் பயிர் செய்யலாம். ஆயின் அவ்வெல்லைக்குள் வீடு கட்டவும், கிணறு தோண்டவும், மரம் நடவும் அவனுக்கு உரிமையில்லை. இதற்கு ஈடாக, நேர்ந்த சேதத்திற்குரிய தொகையோடு, அந்நிலத்தின் சந்தை மதிப்பிற் பத்திலொரு பங்கும் அளிக்கப்படும் என அச்சட்டம் வகுத்தது.

தென்னையும் கிணறுமே வாழ்வாகக் கொண்ட கொங்குநாட்டு உழவர்க்கு இவ்விலக்கு எத்துணைப் பெரியது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. கொச்சியினின்று பெங்களூரு நோக்கிக் கெயில் நிறுவனம் இட முற்பட்ட குழாய், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்னும் ஏழு மாவட்டங்களின் ஊடே ஏறத்தாழ 310 கிலோமீட்டர் செல்லுதற்கு வகுக்கப்பட்டிருந்தது. உழவர் எதிர்த்தனர். விளைநிலத்தை விடுத்து நெடுஞ்சாலையோரமாகக் கொண்டு செல்லுமாறு 2013-இல் தமிழக அரசாங்கம் கூறிற்று. வழக்கு உயர்நீதிமன்றத்தையும் பின்னர் உச்சநீதிமன்றத்தையும் அடைந்தது. 2016 பிப்ரவரியில் மாநில அரசாங்கத்தின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பலர்க்காம் பயனுக்காகச் சிலர் உரிமை சுருங்கலாம் என்பதே சட்டத்தின் துணிபு. அங்ஙனமாயின், அவ்வுரிமையைப் பெற்று ஆளுவோன் கைம்மாறாகச் செய்ய வேண்டுவது யாது?

இதற்கு விடை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதன்வழிப் பிறந்த விதிகளாலும் கிடைக்கின்றது. அச்சட்டத்தால் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. நாம் உலக வழக்கில் உரிமம் என்பதனை அச்சட்டம் அங்கீகாரம் என்று குறிக்கும். பொருள் உடையான் என்ற ஒன்றே கொண்டு எவனும் குழாய் இட்டு ஓட்டுதல் இயலாது. வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அதனைப் பெற்றோன் பிறரது வாயுவையும் வேற்றுமையின்றிக் கொண்டு செல்லல் வேண்டும். வகுத்த கட்டணத்தையே கொள்ளல் வேண்டும். வாரியத்தின் ஆணையை மீறுவோர்க்குக் குற்றமொன்றிற்கு ஒரு கோடி ரூபாய் வரையிலும், மீறுதல் தொடரின் நாளொன்றுக்குப் பத்து இலட்ச ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அச்சட்டம் இடந்தந்தது.

2009-இல் வெளிவந்த பாதுகாப்பு விதிகளோ இன்னும் நுண்ணியவை. குழாயின் இருமருங்கும் எத்தனை வீடுகள் உள்ளன என எண்ணி நிலம் நால்வகையாகப் பகுக்கப்படுகின்றது. மக்கள் அருகிய இடத்தில் எஃகு உருவழியத் தொடங்கும் வலிமையில் நூற்றுக்கு 72 பங்கு வரை அழுத்தம் தாங்கலாம். மக்கள் மிக நெருங்கிய இடத்தில் 40 பங்கே தாங்கலாம். மனை பெருகப் பெருகக் குழாயின் சுவர் தடித்தல் வேண்டும், அன்றேல் அழுத்தம் குறைதல் வேண்டும் என்பது இதன் பொருள். ஓட்டுதற்கு முன்னர், ஓடும் அழுத்தத்தினும் மிக்க அழுத்தத்தில் நீர் நிரப்பிச் சோதித்தல் வேண்டும். துருவைத் தடுக்க மேற்பூச்சும் மென்மின்னோட்டமும் வேண்டும். வாயுவின் விசையாலேயே குழாயினுள் தள்ளப்பட்டுச் செல்லும் ஆய்வுக் கருவியொன்று உண்டு. தொழிலாளர் அதனைப் ‘பிக்’ என்பர். கண் காணாத அரிப்பை அது காட்டித் தரும்.

இத்துணை விதிகள் இருந்தும் 2014 ஜூன் 27-ஆம் நாள் விடியற்காலையில், ஆந்திர நாட்டுக் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் என்னும் சிற்றூரில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்தது. உறங்கியவரும் அப்போதே எழுந்தவருமாக இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர்; வீடுகளும் தென்னைகளும் கருகின. உலர்ந்த வாயுவிற்கென அமைந்த குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றமையும், அவ்வீரத்தால் உட்புறம் அரிப்புண்டமையும் விசாரணையில் வெளிப்பட்டன. இங்கே விதி இல்லாமையன்று குறை. விதி ஏட்டில் நிற்க, குழாய் மண்ணில் நலிந்தமையே குறை.

இதனால் நாம் அறிவது ஒன்று. வாரியத்தின் கண் மண்ணுள் நேரே செல்வதில்லை. குழாயை ஓட்டுவோன் எழுதும் கணக்கேட்டின் வழியாகவே செல்லுகின்றது. கருவி காட்டிய அரிப்பை அவன் மறையாது எழுதினால் சட்டம் காணும். மறைத்தாலோ, பாராது விட்டாலோ சட்டமும் குருடாகும். ஆதலின் அங்கீகாரம் என்பது ஈட்டிய சொத்தன்று, ஒப்படைத்த காவல். தன் நிலத்தில் ஒரு தென்னையும் நடலாகாது என்னும் கட்டளைக்கு உழவன் பணிந்து நிற்கின்றான். அவன் பணிவு நாள்தோறும் கண்ணெதிரே காணப்படுவது. அவன் வயலின்கீழ் யாருங் காணாத இடத்தில் உரிமம் பெற்றோன் காட்டும் நேர்மையும் அதற்கு ஈடாக இருத்தல் வேண்டும். அஃது இல்வழி, பத்திலொரு பங்கு பணம் எவ்வாற்றானும் ஈடாகாது.