பலகையின் பெயரைத் தாங்கிய ஊர்

வகுப்பறையின் கரும்பலகையை மலாய்மொழியில் 'பாப்பான் ஹித்தாம்' என்கிறோம். அந்தப் 'பாப்பான்' என்னும் சொல்லே ஓர் ஊரின் பெயராகவும் இருக்கிறது. ஈப்போவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், லாஹாட்டுக்கும் பூசிங்குக்கும் இடையில் பாப்பான் அமைந்துள்ளது. உறுதியான காட்டு மரங்களை வெட்டிப் பலகைகளாக அறுத்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்பர். இன்று மரம் அறுக்கும் ஓசை அங்குக் கேட்பதில்லை. கடைத்தெரு ஒன்று, பழைய பள்ளிவாசல் ஒன்று, சுற்றிலும் பசுமை; ஊர் அவ்வளவுதான். ஆனால், இச்சிற்றூரின் வரலாற்றில் பேராக் மாநிலத்தின் வரலாறே சுருங்கிக் கிடக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் உள்ளன. இரண்டும் கருங்கல் மலைகள். இடைப்பட்ட பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் குன்றுகள் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் மிச்சமே. கருங்கல்லில் இருந்த ஈயத்தாது மழையாலும் வெயிலாலும் சிதைந்து, பல இலட்சம் ஆண்டுகளாக ஆற்றுநீரோடு இறங்கி, பள்ளத்தாக்கின் மணலிலும் களிமண்ணிலும் படிந்தது. கிளேடாங் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பாப்பானுக்கு இந்தச் செல்வத்தில் பெரும்பங்கு கிடைத்தது. ஈயமணல் கனமானது, ஓடும் நீரில் அலசினால் மற்ற மண் அடித்துச் செல்லப்படும், ஈயம் அடியில் தங்கும். தட்டையான மரத்தட்டில் மண்ணை அலசிய டூலாங் பெண்கள் முதல், 'பாலோங்' என்னும் உயர்ந்த மரச்சரிவில் சேற்றுநீரை ஓடவிட்ட பெரிய சுரங்கங்கள் வரை எல்லாரும் நம்பியிருந்தது இந்த ஓர் இயல்பைத்தான்.

ஊரைப் பெரிதாக்கியவர்கள் சுமத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்கள். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான ராஜா அசால், 1875இல் பேராக்கில் மூண்ட போருக்குப் பின்னர் பாப்பானில் ஈயம் தோண்டும் உரிமையைப் பெற்றார். அவருக்குப் பின் ராஜா பிலா ஊரின் பெங்ஹுலு ஆனார். அவர் காலத்தில், 1888இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் மண்டைலிங் மரபைக் காட்டுகிறது. 1896இல் எழுந்த 'ரூமா பெசார்', அதாவது பெரிய வீடு, இன்றும் நிற்கிறது. பின்னர்ச் சீனத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வந்தனர், கடைத்தெரு உருவானது. உணவை அடைக்கும் தகர டப்பாக்களுக்கு ஈயம் பூச வேண்டியிருந்ததால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈயத்துக்குத் தேவை பெருகியது. எங்கோ ஒரு சமையலறையில் திறக்கப்பட்ட டப்பாவுக்கும் பாப்பானின் சேற்றுக்குட்டைக்கும் தொடர்பு இருந்தது.

இவ்வூரை நம் நாட்டு வரலாற்றில் நிலைநிறுத்தியது ஈயம் அன்று. கடைத்தெருவின் 74ஆம் எண் வீடு.

தைப்பிங்கில் பிறந்த தமிழர் ஆறுமுகம் கணபதிப்பிள்ளை, மருத்துவர். 1919இல் அவர் சிபில் டேலி என்னும் யுரேசியப் பெண்ணை மணந்தார். சிபில் பயிற்சி பெற்ற தாதி; மகப்பேறு பார்ப்பவர். திருமணத்தின்போது மருத்துவர் கிறித்துவப் பெயரோடு கார்த்திகேசு என்னும் பெயரையும் ஏற்றதால், அவர் மனைவியைச் சிபில் கார்த்திகேசு என்றே நாம் அறிவோம். ஈப்போவில் 1926 முதல் இருவரும் மருந்தகம் நடத்தினர். சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன நோயாளிகள் அவரிடம் தயக்கமின்றி வந்தனர்.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியர் ஈப்போவைக் கைப்பற்றினர். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே குடும்பம் பாப்பானுக்கு வந்துவிட்டது. இங்கேதான் ஊரின் புவியியல் முக்கியமாகிறது. வீட்டின் முன்புறம் கடைத்தெரு. பின்புறம் சிறிது தூரத்திலேயே காடும் மலையும். ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள் அந்த மலைக்காட்டில் முகாமிட்டிருந்தனர். பகலில் ஊர்மக்கள் முன்வாசல் வழியே மருந்துக்கு வந்தனர். இரவில் காயம்பட்ட போராளிகள் பின்வாசல் வழியே வந்தனர். கணவனும் மனைவியும் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தனர். அதோடு, சிபில் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, இலண்டன் பிபிசியின் செய்திகளைக் கேட்டுப் பிறரிடம் சொல்லி வந்தார். அப்பெட்டிக்கு 'ஜோசஃபின்' என்று பெயரும் சூட்டியிருந்தார். அக்காலத்தில் அந்நிய வானொலியைக் கேட்பதே உயிருக்கு உலைவைக்கும் குற்றம்.

1943இல் மருத்துவரும், அடுத்துச் சிபிலும் கைது செய்யப்பட்டனர். ஜப்பானிய இராணுவப் போலீசாரான கெம்பெய்தாய் அவரைப் பலவாறு சித்திரவதை செய்தனர். சிறுமியான மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினர். அப்போதும் சிபில் போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை உயிர் பிழைத்தது. ஆயுள் தண்டனை பெற்ற சிபில் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். 1945இல் போர் முடிந்ததும் விடுதலையானார். முதுகெலும்பு சிதைந்திருந்த அவர் சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1948 ஜூன் மாதம் அவர் காலமானார். முதலில் ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல், மறு ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய நினைவுக்குறிப்பு நூல் 1954இல் வெளிவந்தது. மருத்துவரும் சிறைத்தண்டனை அனுபவித்தார். ஆனால், மனைவியைப் பற்றிப் பேசும் பலர் அவரை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றனர். அது சரியன்று என்றே தோன்றுகிறது.

போருக்குப் பிந்திய கதை நீண்டதன்று. சுரங்கங்கள் சில பத்தாண்டுகள் நடந்தன. பிறகு தாது குறைந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபோது கிந்தாவின் சுரங்கங்கள் பலவும் மூடப்பட்டன. வேலை தேடி இளையோர் நகரங்களுக்குச் சென்றனர்.

அதற்கு ஓராண்டுக்கு முன்னர்ச் சிற்றூர் மக்கள் ஒரு காரியம் செய்தனர். ஈயமணலை அலசிய பின் எஞ்சும் 'அமாங்' என்னும் கழிவுமணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அருகிலுள்ள புக்கிட் மேராவில் இருந்த தொழிற்சாலை ஒன்று அதிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தது. அப்போது வெளியாகும் கதிரியக்கத் தோரியக் கழிவைப் பாப்பானுக்கு அருகில் குழிதோண்டிப் புதைக்கத் திட்டமிடப்பட்டது. தம் கிணற்றுநீரும் நிலமும் என்னாகும் என்று ஊரார் கேட்டனர். 1984இல் சாலையில் திரண்டு நின்றனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்னும் வேறுபாடு அங்கு எடுபடவில்லை. 1985 தொடக்கத்தில் கழிவுக்கிடங்கிற்கு வேறு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊரைச் செழிக்கச் செய்த அதே மணலிலிருந்துதான் இந்த அச்சமும் வந்தது.

இன்று ஈப்போவிலிருந்து லூமூட்டுக்குச் செல்லும் வாகனங்கள் பாப்பான் பெயர்ப்பலகையை நொடியில் கடந்துவிடுகின்றன. வேகத்தைக் குறைத்துக் கடைத்தெருவுக்குள் திரும்பினால், கூரையிழந்த கடைவீடுகளின் சுவர்களை ஆலமர வேர்கள் பற்றியிருப்பதைக் காணலாம். பல வீடுகளுக்குள் மரங்களே குடியிருக்கின்றன. தோண்டிய பள்ளங்கள் குளங்களாகி, மீனும் அல்லியும் வளர்கின்றன. 74ஆம் எண் வீடு மட்டும் ஆர்வலர்களின் முயற்சியால் பாதுகாக்கப்பட்டு, சிபிலின் நினைவில்லமாக இருந்து வருகிறது. அதன் பின்வாசலில் நின்று பார்த்தால் கிளேடாங் மலை அருகிலேயே தெரிகிறது.