வேண்டாத இழை செய்யும் வேலை

சாகுபுரத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில், உப்பை வாரிய பின் பாத்தியில் எஞ்சுவது கசப்பு நீர். வீண் என்று தோன்றும் அந்த நீரில் மக்னீசியமும் புரோமினும் உண்டு.

நம் உடலிலும் இப்படி ஒரு கதை! செல்லின் டி.என்.ஏ.வில் புரதம் தயாரிக்கும் குறிப்பு ஏறத்தாழ 2 சதவீதமே. மீதியைப் பயனற்றது என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். ஆனால் அங்கிருந்தும் ஆர்.என்.ஏ. இழைகள் உருவாகின்றன. புரதம் செய்யாத அவற்றுக்கு என்ன வேலை?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி உள்ளது. முதுமையில் அதில் புற்றுநோய் வரலாம். பெரும்பாலும் அது மெல்லவே வளரும். சிலருக்கு மட்டும் எலும்புகளுக்குப் பரவி உயிரைப் பறிக்கும். எது பரவும் என்று முன்கூட்டியே அறிவது எப்படி?

2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர் ‘ஸ்க்லாப்-1’ என்ற ஆர்.என்.ஏ.யைப் பற்றி அறிவித்தனர். உப்பளத்தில் மடையைத் திறந்து மூடும் தொழிலாளியைப் போல, சுருண்ட டி.என்.ஏ.வை நகர்த்தி ஜீன்களை ஒழுங்குபடுத்தும் புரதக் கூட்டம் ஒன்று செல்லில் உண்டு. ஸ்க்லாப்-1 அந்தத் தொழிலாளியின் கையைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து! அதனால் ஒழுங்கு குலைந்து நோய் பரவுகிறது என்றனர். புற்றுச் செல்களில் இந்த இழையைக் குறைத்து எலிகளுக்குள் செலுத்தியபோது பரவலும் குறைந்தது.

2014-இல் 1008 நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தனர். இந்த இழை மிகுந்திருந்தவர்களுக்கு நோய் பரவும் அபாயம் அதிகம் எனத் தெரிந்தது. யாருக்குத் தீவிர சிகிச்சை வேண்டும், யாரைக் கண்காணித்தால் போதும் என்று பிரித்தறிய இத்தகைய அடையாளங்கள் உதவக்கூடும்.

உங்கள் தாத்தாவுக்குச் சிறுநீர்த் தொல்லையா? பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. ஆயினும் வெட்கப்படாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.